கேஸ் நகரவே இல்லையா? அமெரிக்காவில் ஓபிடி, எச்-1பி தாமதத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டப்படிப்பு முடிந்துவிட்டது. வேலைக்கான கடிதமும் வந்துவிட்டது. சேர வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. ஆனால் இணையதளத்தில் அதே ஒற்றை வரி: உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. காலையில் எழுந்ததும் பார்க்கிறோம், சாப்பிடும்போது பார்க்கிறோம், படுக்கப் போகுமுன் மறுபடி பார்க்கிறோம். வரி மாறுவதில்லை. அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலைக்குப் போன நம்மவர்களில் இப்படிப்பட்ட நாட்களைக் கடக்காதவர்கள் குறைவு.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போய், ஓபிடி (படித்த துறையில் வேலை பார்க்க மாணவர்களுக்குத் தரும் தற்காலிக அனுமதி), ஸ்டெம் ஓபிடி (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அதன் நீட்டிப்பு), எச்-1பி (நிறுவனம் மனுப் போட்டு வாங்கும் வேலை விசா) என்று படிப்படியாக ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றியிருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. தாமதம் ஒருவரைக் கெடுத்ததைவிட, அந்தத் தாமதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் வேறொரு கெடுவைத் தவறவிட்டதுதான் அதிகம் கெடுத்திருக்கிறது. அதிகாரி எப்போது முடிவெடுப்பார் என்பது நம் கையில் இல்லை. நம் கெடு நாட்கள் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கின்றன. அதனால் கெடுக்களிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'விசா தாமதமாகிறது' என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அங்கே நான்கு தனித்தனி வரிசைகள் இருக்கின்றன. ஒன்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் குடியேற்றச் சேவை அமைப்பான யுஎஸ்சிஐஎஸ். ஓபிடி அட்டைக்கான ஐ-765, எச்-1பிக்கான ஐ-129, கிரீன் கார்டுக்கான ஐ-140 எல்லாம் இங்கே போகின்றன. இரண்டு, வெளியுறவுத் துறை. சென்னை, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா துணைத் தூதரகங்களிலும் டெல்லி தூதரகத்திலும் நடக்கும் நேர்காணலும், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டும் ஸ்டாம்பிங்கும் அவர்களுடைய வேலை. மூன்று, தொழிலாளர் துறை. எச்-1பிக்காக நிறுவனம் போடும் மனுவான பெட்டிஷனுக்கு முன் வாங்க வேண்டிய எல்சிஏ (சம்பளம், வேலை நிலை பற்றி நிறுவனம் தரும் உறுதிக்கான ஒப்புதல்), கிரீன் கார்டுக்கு முன் வரும் பெர்ம் (அந்த வேலைக்குத் தகுந்த உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்பதற்கான சான்று) இரண்டும் அங்கே. எல்சிஏ வழக்கமாக 7 வேலை நாட்களில் வந்துவிடும். பெர்ம் அப்படியல்ல, அது நீண்ட கதை. நான்கு, உங்கள் பல்கலைக்கழகத்தின் டிஎஸ்ஓ, அதாவது வெளிநாட்டு மாணவர் விவகாரங்களைப் பார்க்கும் அலுவலர். மாணவர் தகுதிச் சான்றான ஐ-20-யில் பரிந்துரை போட்டு, மாணவர் பதிவுகளுக்கான அரசின் செவிஸ் கணினியில் ஏற்றுகிறவர் அவர்தான்.

ஒரு வரிசையில் இருக்கும் சிக்கலை இன்னொரு வரிசையில் கேட்டுப் பயனில்லை. ஸ்டாம்பிங் நிலுவையில் இருப்பதை யுஎஸ்சிஐஎஸ் தொலைபேசியில் விசாரித்து அரை நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் தனி எண் உண்டு. யுஎஸ்சிஐஎஸ் ரசீது எண் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்டது. தூதரகத்துக்கு டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தின் எண். மாணவருக்கு செவிஸ் எண். இவற்றை ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொரு வேறுபாட்டை இங்கேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா, விமான நிலையத்தில் உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டு மட்டும்தான். உள்ளே எத்தனை நாள் எந்த ஸ்டேட்டஸில் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. ஸ்டாம்ப் காலாவதியானாலும், ஐ-94 செல்லுபடியாகிற வரை அமெரிக்காவுக்குள் இருக்கலாம், அனுமதி இருந்தால் வேலையும் பார்க்கலாம். ஸ்டாம்ப் புத்தம் புதிதாக இருந்து ஐ-94 முடிந்துவிட்டால் சிக்கல்தான். இது புரியாமல் தேவையில்லாத பயத்திலும், அதைவிட மோசமாக, தேவையில்லாத நிம்மதியிலும் பலர் இருக்கிறார்கள்.

படி 2: உங்கள் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

பாஸ்போர்ட் முடியும் நாள். ஐ-94 முடியும் நாள். ஐ-20-யில் படிப்பு முடியும் நாள். ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை தொடங்கும் நாள், முடியும் நாள். எச்-1பி என்றால் யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் ஐ-797 அறிவிப்பில் உள்ள முடிவுத் தேதியும் ஆறு வருட வரம்பு முடியும் நாளும். ஓபிடி என்றால் வேலையில்லாமல் இதுவரை கழிந்த நாட்கள். குடும்பம் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை எழுதுங்கள்.

இதில் ஐ-94-ஐ மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழைந்த பிறகும் அரசு இணையதளத்தில் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் ஒரு வருடத்தில் முடிகிறது என்றால், எச்-1பி மூன்று வருடத்துக்கு இருந்தாலும், ஐ-94-ஐப் பாஸ்போர்ட் முடியும் நாளோடு நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் இது தானாக நீளாது. கம்பெனி வைத்திருக்கும் தாளில் மூன்று வருடம் என்றிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துவிட்டுப் பயணம் போவது இந்தத் தொல்லையைப் பிறக்கும்போதே தவிர்க்கும்.

முகவரியும் இதே தாளில் இருக்கட்டும். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மாணவர்களும் ஓபிடியில் இருப்பவர்களும் டிஎஸ்ஓ வழியாக செவிஸிலும் மாற்ற வேண்டும், நிலுவையில் உள்ள கேஸிலும் தனியாக மாற்ற வேண்டும். படிப்பு முடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு நண்பர் வீட்டுக்குப் போகும் மே, ஜூன் மாதங்களில்தான் அட்டைகள் தபாலில் வருகின்றன. ஒப்புதல் கிடைத்த பிறகு அட்டை தவறிப்போனால், அதைத் தேடும் தாமதம் முதல் தாமதத்தைவிடக் கசப்பானது.

படி 3: ஓபிடி விண்ணப்பத்தை முடிந்தவரை முன்னால் தள்ளுங்கள்

படிப்பு முடிந்த பின் எடுக்கும் ஓபிடிக்கு, படிப்பு முடியும் நாளுக்கு 90 நாட்கள் முன்பிருந்து, முடிந்து 60 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். மொத்தம் 150 நாட்கள். 'இவ்வளவு நாள் இருக்கிறதே' என்று தோன்றும். தோன்றக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஓபிடி 12 மாதம். நீங்கள் கேட்கும் தொடக்க நாள் படிப்பு முடிந்த 60 நாட்களுக்குள் இருக்க வேண்டும். அந்த நாள் கடந்த பிறகுதான் ஒப்புதல் வருகிறது என்றால், ஒப்புதல் நாளே தொடக்க நாளாகும். ஆனால் படிப்பு முடிந்து 14 மாதங்களுக்குள் ஓபிடி முடிந்தாக வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. மே 15-ல் படிப்பு முடித்தவர் ஜூலை கடைசியில் விண்ணப்பித்து... இல்லை, அங்கேயே தவறு, ஜூலை 14-க்கு மேல் அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. சரி, ஜூலை 10-ல் விண்ணப்பித்து, அக்டோபர் 15-ல் ஒப்புதல் வந்தது என்று வையுங்கள். அவருக்கு அடுத்த ஆண்டு ஜூலை நடுவோடு ஓபிடி முடிந்துவிடும். 12 மாதத்தில் மூன்று மாதம் போயே போய்விட்டது, யாரும் திருப்பித் தர மாட்டார்கள். பிப்ரவரியிலேயே விண்ணப்பித்திருந்தால் இந்த இழப்பு இருந்திருக்காது.

அதனால் 90 நாள் சாளரம் திறக்கும் வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. வரிசை முக்கியம். முதலில் டிஎஸ்ஓவிடம் கேட்டு ஓபிடி பரிந்துரையுள்ள புதிய ஐ-20 வாங்க வேண்டும். பிறகு அந்தப் பரிந்துரை நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஐ-765 யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஐ-20 வருமுன் அவசரப்பட்டு அனுப்பினாலும் தவறு, வாங்கி வைத்துக்கொண்டு 31-வது நாள் அனுப்பினாலும் தவறு. இரண்டுமே நிராகரிப்பில் முடியும். டிஎஸ்ஓ அலுவலகத்திலும் பட்டமளிப்புக் காலத்தில் கூட்டம் இருக்கும், அதற்கும் ஓரிரு வாரம் கணக்கில் வையுங்கள்.

படிவத்தில் தகுதிப் பிரிவு சி-3-பி என்று இருக்க வேண்டும். ஸ்டெம் நீட்டிப்பு சி-3-சி. கட்டணம் அடிக்கடி மாறுகிறது, அனுப்பும் நாளன்று படிவத்தின் பக்கத்தில் பார்த்துக் கட்டுங்கள். பழைய கட்டணத்தோடு போனால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும், அதுவரை நின்ற வரிசையும் போய்விடும். ஆன்லைனில் அனுப்பும் வசதி இருக்கும்போது தபாலில் அனுப்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ரசீது உடனே வரும், கேள்வி எதுவும் கேட்டால் அங்கேயே பதிவேற்றலாம்.

அப்புறம் ப்ரீமியம். ஐ-907 படிவத்தோடு கூடுதல் கட்டணம் கட்டினால் ஓபிடி விண்ணப்பத்துக்கு 30 வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்தாக வேண்டும். வேலை நாட்கள் என்பதைக் கவனியுங்கள். ஏறக்குறைய ஆறு வாரம். 2024 பிப்ரவரியில் இது 1,685 டாலராக இருந்தது, பிறகும் கூட்டியிருக்கிறார்கள். இன்னும் சம்பளமே வாங்காத பிள்ளைக்கு இது பெரிய பணம். என் கருத்து: முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தவர் ப்ரீமியம் இல்லாமல் தொடங்கலாம். பின்னால் தேவைப்பட்டால் நிலுவையில் உள்ள கேஸையும் ப்ரீமியத்துக்கு மாற்ற முடியும். வேலையில் சேரும் நாள் உறுதியாகி, அதற்கு எட்டு வாரம்தான் இருக்கிறது என்றால் அன்றே மாற்றிவிடுங்கள். ப்ரீமியம் முடிவைத்தான் விரைவாக்கும். அட்டை அச்சாகித் தபாலில் வருவதற்கு அது பொறுப்பில்லை.

அட்டையில் உள்ள நாளுக்கு முன் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. 'சம்பளம் இல்லாமல் சும்மா வந்து பழகு' என்று நிறுவனம் அன்போடு சொன்னாலும் கூடாது. அந்த ஒரு வாரப் பழக்கம் பல வருடம் கழித்துக் கிரீன் கார்டு மேசையில் கேள்வியாக வந்து நிற்கக்கூடும்.

அட்டை வந்த பின் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஓபிடியில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அட்டையின் தொடக்க நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அட்டை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல், படித்த துறையோடு தொடர்புள்ள வேலை வேண்டும். வேலை கிடைத்ததும் 10 நாட்களுக்குள் செவிஸில் பதிய வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பதிய மறந்தவருக்கும் கணினியில் நாட்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

படி 4: ஸ்டெம் நீட்டிப்பில் 180 நாள் பாதுகாப்பு

தகுதியான அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்பு என்றால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் நிறுவனம் பதிந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். ஓபிடி முடிவதற்கு 90 நாட்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், டிஎஸ்ஓ பரிந்துரைத்து 60 நாட்களுக்குள். ஓபிடி முடிந்த மறுநாள் போனால் கதவு மூடியிருக்கும். இதற்குச் சலுகை நாட்கள் கிடையாது.

காலத்தில் அனுப்பிவிட்டால் ஆறுதலான விஷயம் ஒன்று இருக்கிறது. அட்டை முடிந்த பிறகும் 180 நாட்கள் வரை அதே வேலையைத் தொடரலாம். பழைய அட்டை, ஐ-797 ரசீது, ஸ்டெம் பரிந்துரையுள்ள ஐ-20 மூன்றையும் கம்பெனியின் மனிதவளத் துறையிடம் கொடுங்கள். சிறிய நிறுவனங்களில் இது தெரியாமல் 'அட்டை முடிந்துவிட்டது, வராதே' என்று சொல்லிவிடுவார்கள். சண்டை போடாமல், டிஎஸ்ஓவிடம் ஒரு கடிதம் வாங்கிக் காட்டினால் பெரும்பாலும் தீரும்.

மற்றவர்களுக்கு இந்த நிம்மதி குறைந்திருக்கிறது. எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 ஈஏடி போன்ற பல பிரிவுகளில், புதுப்பிக்க விண்ணப்பித்தவுடன் 540 நாட்கள் வரை தானாக நீண்டுகொண்டிருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் அனுப்பும் புதுப்பிப்புகளுக்கு அது நிறுத்தப்பட்டுவிட்டது. அட்டை முடிந்த நாளில் வேலையும் நின்றுவிடும். முடிவதற்கு 180 நாட்கள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க முடிகிறது என்றால், அந்த முதல் நாளே உங்கள் நாள்.

படி 5: எச்-1பியில் காத்திருக்கும்போது எது செல்லும், எது செல்லாது

ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு இன்னும் 20,000. மார்ச்சில் பதிவு, தேர்வானால் ஏப்ரல் 1 முதல் பெட்டிஷன், அக்டோபர் 1-ல் வேலை. ஓபிடி ஜூனில் முடிகிறவர் அக்டோபர் வரை என்ன செய்வார்? ஓபிடி உயிரோடு இருக்கும்போதே, ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டு பெட்டிஷன் போயிருந்தால், கேப்-கேப் என்ற விதி அவரைத் தாங்கும். முன்பு அது அக்டோபர் 1 வரைதான் தாங்கியது. 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த விதியால் அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 வரை நீள்கிறது. அக்டோபர் தாண்டியும் கேஸ் நிலுவையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மூச்சு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். டிஎஸ்ஓவிடம் கேப்-கேப் ஐ-20 கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காலத்தில் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள். ஸ்டேட்டஸ் மாற்றம் நிலுவையில் இருக்கும்போது வெளியேறினால், அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டதாகவே கருதுவார்கள். பெட்டிஷன் ஒப்புதலானாலும், வெளியே போய் ஸ்டாம்ப் வாங்கித்தான் எச்-1பி ஆக முடியும். 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி பெட்டிஷனுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்த பிறகு, இந்த வெளியேற்றத்தின் விலை கற்பனைக்கு எட்டாததாகிவிட்டது. தங்கை திருமணம் என்றாலும், டிக்கெட் போடுமுன் வக்கீலிடம் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் என்றால் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து அனுப்பலாம். ஐ-94 முடியுமுன் அனுப்பிவிட்டால், முடிந்த பிறகும் அதே நிறுவனத்தில் 240 நாட்கள் வரை வேலை பார்க்கலாம். 240-வது நாளும் முடிவு வராவிட்டால் வேலையை நிறுத்த வேண்டும். 150 நாள் கடந்தபோதே ப்ரீமியத்துக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்தைக் கேளுங்கள். எச்-1பி ப்ரீமியம் 15 வேலை நாட்கள். அதற்குள் ஒப்புதல், நிராகரிப்பு, விளக்கம் கேட்டு ஆர்எஃப்இ என்று ஏதாவது ஒன்று வரும், வராவிட்டால் ப்ரீமியம் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள்.

வேலை மாறும்போது நிலைமை கொஞ்சம் வேறு. செல்லுபடியான ஸ்டேட்டஸில் இருப்பவருக்குப் புதிய நிறுவனம் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிஷன் போட்டு, அது யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போன நாளிலிருந்தே அங்கே சேரலாம். ஒப்புதலுக்குக் காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் பழைய வேலையை விடுமுன் ஒப்புதல் வரும் வரை பொறுப்பது நல்லது என்றே நான் சொல்வேன். நிராகரிப்பு வந்தால் திரும்பிப் போக இடம் இருக்காது. வேலை போனவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் அமெரிக்காவில் இருக்க அதிகபட்சம் 60 நாட்கள், ஐ-94 அதற்குமுன் முடிந்தால் அதுவரைதான். அந்த 60 நாட்களுக்குள் புதிய பெட்டிஷன் போய்ச் சேர வேண்டும், ஒப்புதல் பின்னால் வரலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கடம் ஓட்டுநர் உரிமம். அது ஐ-94 முடியும் நாளோடு முடியும்படிதான் பல இடங்களில் கொடுக்கிறார்கள். 240 நாள் சட்டம் வேலைக்குச் செல்லும், உரிமம் தரும் கவுண்டரில் எப்போதும் செல்வதில்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊரில் இருப்பவருக்கு இதற்காகவே ப்ரீமியம் கட்டுவது நியாயம்.

ஆறு வருடம் நெருங்குகிறவர்கள் பெர்ம் அல்லது ஐ-140 விண்ணப்பம் போட்டு 365 நாட்கள் ஆகியிருந்தால் ஓராண்டு நீட்டிப்பும், ஐ-140 ஒப்புதலாகி முறை வராமல் இருந்தால் மூன்றாண்டு நீட்டிப்பும் பெறலாம். ஆகவே கிரீன் கார்டு வேலையை நான்காம் வருடமாவது தொடங்கச் சொல்லி நிறுவனத்தை நெருக்குங்கள். அதற்குப் பின் வரும் நீண்ட காத்திருப்பு விண்ணப்பத் தாமதம் அல்ல. வேலைவழிக் குடியேற்றத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்கள், ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீத வரம்பு. அந்த வரிசையை எந்த மனுவாலும் நகர்த்த முடியாது, யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

படி 6: ஆர்எஃப்இ வந்தால்

பயப்பட வேண்டாம். கேஸை ஒருவர் எடுத்துப் படித்திருக்கிறார் என்பது அதில் உள்ள நல்ல செய்தி. எச்-1பியில் பெரும்பாலும் கேட்பது, இந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறைப் பட்டம் ஏன் தேவை என்பதும், உங்கள் படிப்பு அதற்கு எப்படிப் பொருந்துகிறது என்பதும்தான். பதில் தர அதிகபட்சம் 84 நாட்கள், தபாலில் வந்தால் இன்னும் மூன்று நாள். கடிதத்தில் எழுதியிருக்கும் நாள்தான் இறுதி. கேட்டதற்கெல்லாம் ஒரே கட்டாகப் பதில் போக வேண்டும். இன்று பாதி, அடுத்த வாரம் மீதி என்பது நடக்காது, வந்ததை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். ப்ரீமியம் கேஸில் பதில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 15 வேலை நாட்கள் புதிதாக எண்ணப்படும். அதனால் பதிலை வேகமாக அனுப்புவது உங்களுக்குத்தான் லாபம். வேலை விவரத்தை எழுதும்போது உங்கள் மேலாளரையும் உட்கார வையுங்கள். அன்றாடம் நீங்கள் செய்வதை வக்கீலைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

படி 7: காலம் கடந்துவிட்டால் ஏற வேண்டிய ஏணி

முதல் கம்பி, யுஎஸ்சிஐஎஸ் தளத்தின் செயலாக்க நேரப் பக்கம். படிவம், பிரிவு, அலுவலகம் மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 80 சதவீத கேஸ்கள் எவ்வளவு காலத்தில் முடிந்தன என்பதை அங்கே பார்க்கலாம். ரசீது தேதியை உள்ளிட்டால், எந்த நாளிலிருந்து விசாரிக்கலாம் என்றும் சொல்லும். அந்த நாளுக்கு முன் கேட்டால், காத்திருங்கள் என்ற பதில்தான் வரும். 'எனக்குப் பின் அனுப்பியவருக்கு வந்துவிட்டது' என்பது மனத்தை அரிக்கும், தெரியும். ஆனால் அதை ஒரு காரணமாக ஏற்க மாட்டார்கள்.

அந்த நாள் கடந்ததும் ஆன்லைனில் ஈ-ரிக்வெஸ்ட் போடுங்கள். கிடைக்கும் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பதில் வழக்கமான வரிகளாகவே வரும். ஆனாலும் இந்தத் தடம் பின்னால் உதவும்.

அடுத்தது எக்ஸ்பிடைட். நிறுவனத்துக்கோ தனிநபருக்கோ கடுமையான நிதி இழப்பு, மருத்துவம் போன்ற அவசரம், அரசு நலன், யுஎஸ்சிஐஎஸ்-இன் சொந்தத் தவறு போன்ற காரணங்களுக்கு விரைவாகப் பார்க்கச் சொல்லலாம். 'வேலை போய்விடும்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. நிறுவனத்தின் கடிதம், கடைசி நாள், வாடகை, மருத்துவக் காப்பீடு நிற்பது என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும். ப்ரீமியம் வசதி உள்ள படிவங்களுக்குப் பொதுவாக எக்ஸ்பிடைட் தர மாட்டார்கள். எனவே ஓபிடிக்கும் எச்-1பிக்கும் இந்தக் கம்பி ஏறக்குறைய இல்லை என்றே வையுங்கள். எச்-4 ஈஏடி போன்றவற்றுக்கு முயன்று பார்க்கலாம்.

பலர் தயங்குகிற கம்பி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, ஓட்டும் தேவையில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். உங்கள் பகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர், மாநிலத்தின் செனட்டர்கள் இருவர். மூவருடைய அலுவலகத்திலும் இதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, ரசீது எண், ஈ-ரிக்வெஸ்ட் எண், என்ன நஷ்டம் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரே நேரத்தில் மூவரிடமும் கொடுக்க வேண்டாம், ஒருவரிடம் கொடுத்துப் பொறுத்திருங்கள். அவர்களால் ஒப்புதல் வாங்கித் தர முடியாது. எங்கோ சிக்கிய கோப்பை யாராவது எடுத்துப் பார்க்க வைக்க முடியும். பல நேரங்களில் அதுவே போதும்.

கடைசிக் கம்பி கூட்டாட்சி நீதிமன்றம். நியாயமற்ற தாமதம் என்று சொல்லித் தொடுக்கும் மாண்டமஸ் வழக்கு. 2023 டிசம்பர் முதல் நீதிமன்றக் கட்டணம் 405 டாலர். வக்கீல் செலவுதான் பெரிது. அரசுக்குப் பதிலளிக்க 60 நாட்கள் உண்டு. வழக்கு நீதிபதி முன் போகுமுன்பே முடிவு வந்துவிடுவதும் உண்டு. ஆனால் நீதிமன்றம் 'முடிவெடு' என்றுதான் சொல்லும், 'ஒப்புதல் கொடு' என்று சொல்லாது. பலவீனமான கேஸில் வழக்குப் போடுவது நிராகரிப்பை விரைவாக வரவழைப்பதாகவும் முடியலாம். இரண்டு மூன்று மாதத் தாமதத்துக்கு இது வழியல்ல, ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கேஸுக்கு வழி.

படி 8: ஸ்டாம்பிங்குக்குப் போய் மாட்டிக்கொண்டால்

உள்ளே தாமதமானால் வேலை பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். வெளியே மாட்டிக்கொண்டால் வாடகை வீடு அமெரிக்காவில், பிள்ளைகளின் பள்ளி அமெரிக்காவில், நாம் மட்டும் இந்தியாவில். இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

2025 செப்டம்பரிலிருந்து, நேர்காணல் இல்லாமல் ட்ராப்-பாக்ஸில் புதுப்பிக்கும் வசதி எச்-1பிக்கு இல்லை. சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அந்த மாதம் இந்தியாவில் பலருடைய நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்பட்டன. இரண்டு வார விடுப்பில் வந்தவர்கள் அப்படியே நின்றுபோனார்கள்.

ஆகவே ஸ்டாம்ப் முடிந்தவர், கட்டாயம் இல்லாவிட்டால் இப்போது ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடுவது நல்லது. கனடா, மெக்சிகோவுக்கு 30 நாட்களுக்குள் போய்த் திரும்புவதற்கு, ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் செல்லும் ஐ-94 இருந்தால், தானியங்கி மறுசெல்லுபடி என்ற விதி உதவும். ஆனால் அங்கே போய் விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும்.

நேர்காணல் முடிந்து 221(ஜி) சீட்டு கொடுத்தால், இணையத்தில் 'ரெஃப்யூஸ்டு' என்று காட்டும். பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அது இறுதி மறுப்பு அல்ல. ஏதோ ஆவணம் வேண்டும், அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். ஆவணம் கேட்டிருந்தால் ஓராண்டுக்குள் தர வேண்டும், நீங்கள் ஒரு வாரத்துக்குள் தந்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு, குறைக்கடத்தி, அணு, விண்வெளி போன்ற நுட்பத் துறைகளில் இருப்பவர்கள் ஆய்வு விவரம், வெளியீடுகளின் பட்டியல், நிறுவனக் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால், கேட்ட அன்றே அனுப்பலாம்.

கிளம்புமுன் நிறுவனத்திடம் ஒரு கேள்வியைக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்: நான் மாட்டிக்கொண்டால் இந்தியாவிலிருந்து வேலை பார்க்கலாமா, எத்தனை வாரம், எந்தச் சம்பளத்தில்? வரி, தரவுப் பாதுகாப்பு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாகப் பல நிறுவனங்களால் அதை அனுமதிக்க முடிவதில்லை. நான்கு வாரம் கழித்துச் சம்பளமில்லா விடுப்பு என்று அங்கே தெரிந்துகொள்வதைவிட, டிக்கெட் எடுக்குமுன் இங்கே தெரிந்துகொள்வது மேல். வீட்டு வாடகை, கார் தவணை தானாகக் கட்டும்படி வையுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் மூன்று மாதத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். குழந்தையைத் தனியே விட்டுப் போகும் பயணமாக மட்டும் இது இருக்கவே கூடாது.

படி 9: அட்டை கைக்கு வந்ததும்

உறையைப் பிரித்த உடனே நான்கு விஷயங்களைப் பாருங்கள். பெயரின் எழுத்து, பிறந்த நாள், பிரிவு, தொடக்க முடிவுத் தேதிகள். தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்குக் குடும்பப் பெயர் கட்டத்தில் குழப்பம் சகஜம், பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அவர்களுடைய தவறு என்றால் கட்டணமில்லாமல் திருத்தித் தருவார்கள், உடனே ஈ-ரிக்வெஸ்டில் தெரிவிக்க வேண்டும். இருபுறமும் படம் எடுத்து, ஒரு பிரதியை டிஎஸ்ஓவுக்கோ வக்கீலுக்கோ அனுப்புங்கள். பிறகு படி 2-ல் எழுதிய தாளை எடுத்து, பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிய முடிவுத் தேதியை எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அடுத்த விண்ணப்பத்துக்கான முதல் நாளையும்: ஸ்டெம் என்றால் 90 நாள் முன், எச்-1பி என்றால் ஆறு மாதம் முன், எச்-4 அட்டை என்றால் 180 நாள் முன்.